துரை சொல்லிக் கொடுத்த பாதி

பஞ்சாபகேசனுக்கு ஆபீஸர் உத்தியோகம் கிடைத்தபோது உத்தரவோடு கூட ஒரு மட்டையும் வந்தது. கம்பெனிப் பியூன் அதைச் சாக்கில் சுற்றி, மாடுங்கா வீட்டின் மூன்றாவது மாடி வரை பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். நீளமான இரும்புத் தண்டு, பிடிப்பதற்குத் தோல் சுற்றிய ஒரு முனை, மறுமுனையில் பெருச்சாளி முகம் போல ஒரு மரக்கட்டை. அவன் மனைவி விஜயலக்ஷ்மி அதை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் குடைகளோடு சாய்த்து வைத்தாள். தோல் சுற்றியிருப்பதைப் பார்த்த மாமியார், அது சமையலறைப் பக்கம் வராமல் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

கப்பலுக்குக் கயிறும் லாரிக்குத் தார்ப்பாயும் விற்கிற கம்பெனி அது. வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. அவர்களில் கடைசி ஆளும் மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் இருந்தபோது வெயில் காலத்தில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வேலை செய்வார்களாம். அவர்கள் போன பிறகு யாரும் கழற்றுவதில்லை.

அங்கே ஆபீஸரானவன் ஒரு வருஷம் தற்காலிகம். அந்த வருஷத்துக்குள் அவன் தன்னை நிரூபிக்க வேண்டும். கயிற்றிலும் தார்ப்பாயிலும் நிரூபிக்க ஒன்றுமில்லை. அவை தானாகவே விற்றன. நிரூபிக்க வேண்டிய இடம் செம்பூரில் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் இருந்த புல்வெளி. அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் கோல்ப் நடந்தது. கோல்ப் என்றால் முழு கோல்ப் அல்ல. பேக்ஸ்விங் மட்டும்.

“பந்தை அடிக்கறது பெரிசில்லையாம் விஜயம்,” என்று பஞ்சு முதல் வாரம் வந்து விளக்கினான். “அதுக்கு முன்னாடி மட்டையைப் பின்னால கொண்டுபோய்த் தோளுக்கு மேல தூக்கறோமே, அதுலதான் மனுஷாளோட தரமே தெரியறதாம். ஜெனரல் மானேஜர் சொன்னார்.”

பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். யாராவது தரம் என்று சொன்னால் எழுந்து நிற்கிற பழக்கம் அவனுக்கு வந்துவிட்டிருந்தது.

உத்தியோகத்தோடு வந்தது மட்டை மட்டும் இல்லை. ஆபீஸரின் மனைவி வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு வழக்கமும் வந்தது. விஜயலக்ஷ்மி ஃபோர்ட்டில் ஒரு கப்பல் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒன்பது வருஷமாக ஸ்டெனோவாக இருந்தாள். ராஜிநாமாவைத் தானே டைப் அடித்து, தானே சரிபார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்பதில் கொஞ்சம் திருப்தியும் பட்டுக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தாள். பஞ்சு நிரந்தரமானால் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ், சொந்தமாய்க் குழாய், சொந்தமாய் ஒரு பால்கனி. நிரந்தரமாகாவிட்டால் பழைய குமாஸ்தா நாற்காலி. அதில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. இரண்டு சம்பளம் போய் ஒன்று, ஒன்று போய்ப் பூஜ்யம். இதை அவள் ஒருமுறைதான் நினைத்துப் பார்த்தாள். அப்புறம் நினைக்காமல் இருக்கப் பழகினாள். வீட்டில் பகல் வேளைகளில் அவளுக்கு இல்லாமல் போனது சம்பளம் அல்ல. யாரோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கப்போகிறார் என்று பென்சிலை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிற அந்த ஒரு நொடி. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள்.

பேக்ஸ்விங்குக்கு வீட்டிலும் சாதகம் உண்டு. பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைத்து, மட்டையைத் தூக்காமல் தரையோடு தரையாக இழுத்து அதைத் தள்ள வேண்டும். அப்போதுதான் தொடக்கம் நிதானமாக வரும். வலது கட்கத்தில் கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு தூக்க வேண்டும். கைக்குட்டை விழுந்தால் முழங்கை ஓடிவிட்டது என்று அர்த்தம். வலது இடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் இடிக்காமல் இடுப்பைத் திருப்ப வேண்டும். இடது கை வளையக் கூடாது. தோள் முழுக்கத் திரும்ப வேண்டும். இடுப்பு பாதிதான் திரும்ப வேண்டும். உச்சியில் ஒரு மூச்சு நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் தலை அசையக் கூடாது; கண் பந்தைவிட்டு நகரக் கூடாது.

கம்பெனி மட்டையை வீட்டில் சுழற்றினால் அலமாரிக் கண்ணாடி போய்விடும் என்பதால், கூரைக்கடியில் கட்டிய உயரக் கொடியில் துணி உலர்த்துகிற மூங்கில் கொம்பை வைத்துச் சாதகம் செய்தான் பஞ்சு. முதல் நாளே மாமியாரின் மடிப் புடவை கீழே வந்து அவன் தலையில் விழுந்தது.

“குமாஸ்தாவா இருந்தப்போ இந்தக் கர்மம் எல்லாம் இல்லை,” என்றாள் மாமியார். மறுபடி நனைத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதத்தில் கைக்குட்டை விழவில்லை, நாற்காலி இடிக்கவில்லை, தீப்பெட்டி ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் செம்பூரில் பேக்ஸ்விங் கமிட்டி அவனிடம் ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்தது. மட்டை உச்சிக்குப் போகும்போது பஞ்சு அண்ணாந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும். கமிட்டியில் மூன்று பேர், மூன்று பக்கத்திலிருந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். உயர்ந்த பதவிகளின் மேல் கண் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். கமிட்டியின் கண்காணிப்பைத் தவிர்க்கும் நோக்கம் என்று இன்னொருவர் எழுதினார்.

காரணம் விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த மாதிரி வீடுகளில் கொம்பைத் தூக்கினால் அது கொடிக்குத்தான். கொம்பு மேலே போனால் கண்ணும் கூடப் போகும். ஈரத் துணி கொடியில் சரியாக விழுந்ததா என்று பார்க்கும். கை உயர்ந்தால் தலை உயர்வதை அவனால் நிறுத்த முடியவில்லை. அவனிடம் சொன்னாள். அவன் வெட்கப்பட்டு, இதைக் கமிட்டியிடம் போய்ச் சொல்ல முடியுமா என்று கேட்டான். பிறகு கொஞ்சம் யோசித்து, “நீ என் தலையைப் பிடிச்சுக்கோயேன்,” என்றான்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அவன் எதிரே கை நீளத்துக்குத் தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தலையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்வாள். அவன் தூக்குவான். கலியாணமாகிப் பதினோரு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவன் தலையை அவள் இப்படிக் கையில் வாங்கியதில்லை. எண்ணெயும் வேர்வையுமாக மயிர். அதற்கடியில் நெற்றிப்பொட்டில் நாடி துடிப்பது விரலுக்குத் தெரிந்தது. முதல் சில நாட்கள் அவள் காலையிலிருந்தே அந்த அரை மணிக்காகக் காத்திருந்தாள் என்பதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள், தூக்கி நிறுத்தியிருந்தவனிடம் மெல்ல, “என்ன நினைச்சுண்டிருக்கேள்?” என்று கேட்டாள்.

“இடது முழங்கை,” என்றான் பஞ்சு.

அதற்குப் பிறகு அவள் காலையிலிருந்து காத்திருப்பதை விட்டாள். கைகள் மட்டும் வேளைக்குப் போய்ப் பிடித்தன.

இதற்குள் மழைக்காலம் வந்தது. ஜெனரல் மானேஜர் ராமசேஷனுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கும்பகோணத்துக்காரர், தமிழைத் தம் சமையற்காரரிடம் மட்டும் பேசுவார். தோள் பிடித்ததால் மட்டை அவருக்கு மார்பு வரைதான் எழுந்தது. மறு ஞாயிற்றுக்கிழமையே ஒரு சுற்றறிக்கை வந்தது: ஆராய்ந்து பார்த்ததில், பேக்ஸ்விங்கின் இயற்கையான உயரம் மார்பு என்று தெரியவருகிறது, தோளுக்கு மேல் தூக்குவது ஆடம்பரம். மைதானத்தில் பதினைந்து பேரும் மார்போடு நிறுத்தினார்கள். பஞ்சு ராப்பகலாய்ப் பாடுபட்டு உச்சியை மறந்து மார்பைக் கற்றுக்கொண்டான். மார்பு உயரத்தில் அவனைப்போல் யாரும் இல்லை என்று கமிட்டியே சொன்னது. தீபாவளிக்கு முன்னால் யாரோ கேரளத்து வைத்தியர் எண்ணெய் தேய்த்து ராமசேஷனின் தோளைச் சரிப்படுத்திவிட்டார். மறுபடி சுற்றறிக்கை: மார்போடு நின்றுவிடுவது ஊக்கமின்மையின் அடையாளம். மார்பில் தேர்ச்சி பெற்றவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மசியில் ஒரு கோடு விழுந்தது. பஞ்சு பெயருக்கு எதிரேதான் கோடு மிக அழுத்தமாக இருந்தது.

அதே சுற்றறிக்கையின் கீழே இன்னொரு வரியும் இருந்தது. மிஸ்டர் பஞ்சாபகேசன் வீட்டில் கையாளும் தலை பிடிக்கும் முறையைக் கமிட்டி கேள்விப்பட்டு மகிழ்ந்தது. இனி ஆபீஸர்களின் மனைவிமார் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து ஒத்துழைக்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண்கள் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினார்கள். சுத்திகரிப்பு ஆலையின் வாடை காற்றில் வரும். புல்வெளியில் ஆண்கள் வரிசையாக மட்டையைத் தூக்கி நிற்பார்கள். எதிரே பெண்கள் வரிசையாகத் தலையைப் பிடித்து நிற்பார்கள். தலைமயிர் எண்ணெய் கையில் ஒட்டுகிறதென்று யாரோ குறைப்பட, பெண்களுக்கு வெள்ளைத் துணிக் கையுறை கொடுத்தார்கள். தலைகளில் நாடி துடிப்பது அதற்குப் பிறகு தெரியவில்லை.

விஜயலக்ஷ்மிக்குப் பக்கத்தில் நிற்பவள் ருக்கு, ஜம்புநாதனின் மனைவி. ஜம்பு மூன்று தடவை நிரந்தரமாகாமல் தள்ளிப் போடப்பட்டவன். ஒருநாள் உச்சியில் நிற்கும்போது அவன் கை சளைத்து, மட்டை பக்கவாட்டில் சரிந்து ருக்குவின் காதில் விழுந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பூங்கொத்தும், காது விதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே இருந்ததாக ஒரு குறிப்பும் வந்தன. அந்தக் காது அதிலிருந்து மந்தம்.

“நன்னாத்தான் ஆச்சு போ,” என்று ருக்கு விஜயலக்ஷ்மியிடம் சொன்னாள். “அவர் பேக்ஸ்விங்கைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கத்தைத் திருப்பிண்டு படுத்துக்கறேன். பக்கா தூக்கம்.”

மார்கழி பிறந்தது. பஞ்சுவின் வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அந்த வாரம் கீழே மருந்துக்கடையில் விஜயலக்ஷ்மிக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பழைய ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா பெரேரா. அவள் இடத்துக்கு வந்த பெண் கலியாணமாகி நைரோபி போகிறாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தால் அதே மேஜை, அதே மெஷின். இல்லாவிட்டால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடுவார்கள். படியேறி வரும்போது மூன்று மாடியும் அவளுக்குத் தெரியவில்லை.

பஞ்சு கட்கத்தில் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான்.

“நிரந்தரமாயிட்டா உனக்கு வேலையே வேண்டியிருக்காதே,” என்றான்.

“ஆகலேன்னா?”

“அபசகுனமாப் பேசாதே. வந்து தலையைப் பிடி.”

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முழுவதும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தது. புல்லின் நடுவில் சின்ன மரக்குச்சியின் மேல் பந்து இருந்தது. பரீட்சைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பந்து. கம்பெனியில் இருந்ததே அது ஒன்றுதான். வெல்வெட் பெட்டியில் வைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் பந்துக்குப் பதில் எலுமிச்சம்பழம்.

முதலில் தேநீர். ராமசேஷன் பெண்கள் பக்கம் வந்து ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார். விஜயலக்ஷ்மிக்கு வெகு நாட்களாக ஒரு சந்தேகம். இதைக் கேட்டால் பஞ்சுவுக்குக் கெடுதல் வருமோ என்று அடக்கி வைத்திருந்தாள். அன்றைக்கு ஏனோ வாய் திறந்துவிட்டது.

“பந்தை அடிக்கறது எப்போ?” என்று தமிழிலேயே கேட்டாள்.

பஞ்சுவின் கையில் கோப்பை கிண்ணென்றது. ராமசேஷன் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்விக்காகவே நெடுநாளாய் உரை தயாரித்து வைத்திருந்தவர் போல, எல்லாரையும் அருகில் அழைத்து இங்கிலீஷில் பேசினார்.

“நல்ல கேள்வி. நம் கடைசித் துரை மிஸ்டர் பிளங்கெட் நமக்கு பேக்ஸ்விங்கை ஒரு குறையும் இல்லாமல் கற்றுக் கொடுத்தார். மீதிப் பாதியை, அதாவது மட்டையைக் கீழே கொண்டுவருவதை, சனிக்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தது. வியாழக்கிழமை அவருக்குக் கப்பல். பல்லார்ட் பியரில் மாலை போட்டோம். ஏணியில் கால் வைத்தவர் திரும்பி, மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றார். அவர் வார்த்தை தவறுகிறவர் அல்ல. ஆகவே நாம் காத்திருக்கிறோம். மீதியை நாமே யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். அவர் இப்போது கம்பெனியில் இல்லை. நாமே யோசிக்கத் தொடங்கினால் ஒரு ஸ்தாபனம் எங்கே போய் நிற்கும்? உச்சியில் நிறுத்திக்கொண்டு காத்திருப்பதில் நாம் அடைந்திருக்கும் தேர்ச்சியை, இங்கிலாந்திலேயே யாரும் அடைந்ததில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.”

கைதட்டினார்கள். ஜம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு பஞ்சுவைக் கூப்பிட்டார்கள். பந்துக்கு முன்னால் போய் நின்றான். விஜயலக்ஷ்மி கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே நின்று தலையைப் பிடித்தாள். மற்ற ஆபீஸர்கள் மரியாதையாகத் தங்கள் இடத்தில் மட்டையைத் தூக்கி, எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள். பஞ்சு இழுத்தான். தரையோடு போயிற்று. இடது கை வளையவில்லை. தோள் முழுக்கத் திரும்பியது, இடுப்பு பாதி. உச்சியில் நின்றது. இந்த ஒரு வருஷத்தில் அவன் தூக்கியதிலேயே அதுதான் நல்லது என்று அவள் கைக்கே தெரிந்தது.

“நிறுத்துங்கள்,” என்றது கமிட்டி.

கமிட்டி சுற்றி வந்து பார்த்தது. தலையில் குறை இல்லை. முழங்கையில் இல்லை. கடைசியில் வலது கட்டைவிரல் தண்டுக்கு அடியில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு கருத்து வேற்றுமை வந்தது. அடியில் என்றார் ஒருவர். பிளங்கெட்டின் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று கேட்டார் இன்னொருவர். பிளங்கெட்டுக்கு அந்த விரலில் நகச்சுற்று இருந்ததை ராமசேஷன் நினைவுகூர்ந்தார். ஆகவே நகச்சுற்று இல்லாத ஒருவர் எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. மூவரும் பஞ்சுவின் விரலுக்குக் கீழே குனிந்து, மெல்லிய குரலில், எழுத்துமூலமாகப் பதிவு செய்யலாமா என்று விவாதித்தார்கள்.

பஞ்சுவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அந்த நடுக்கம் தோளில் இறங்கி, கழுத்தில் ஏறி, மண்டை வழியாக அவள் உள்ளங்கைகளுக்கு வந்தது. கூட்டுக்குள் ஏதோ அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. பல் கடிபடுகிற சத்தம் கேட்டது. அவன் கண் பந்தின் மேல். அந்தக் கண்ணில் நீர் கோத்திருந்ததை எதிரே நின்ற அவள் ஒருத்திதான் பார்க்க முடிந்தது. இந்த மனுஷனை இப்படித் தூக்கி வைத்த நிலையில் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. கமிட்டி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்.

கை விட்டுப்போயிற்று என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். அது சரியில்லை. அவள் விட்டாள். விட்டு, ஓரடி பின்னால் போனாள்.

தலை அப்படியே நின்றது. அசையவில்லை, நிமிரவில்லை. மட்டை மட்டும், இத்தனை காலம் யாரும் சொல்லிக் கொடுக்காத வழியைத் தானே தெரிந்துவைத்திருந்த மாதிரி, கீழே வந்தது. கமிட்டி மூன்று திசையில் சிதறியது. டக்கென்று ஒரு சத்தம். ஈரமில்லாத, சுத்தமான சத்தம். பந்து எழும்பியது. கிடங்கின் தகரக் கூரைக்கு மேலே போயிற்று. கம்பி வேலியைத் தாண்டிற்று. இனி விழும் என்று நினைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எழுந்து, காலை வெயிலில் ஒரு பொட்டாகி, கழிமுகத்துச் சேற்றுப் பக்கம் போய் மறைந்தது. விஜயலக்ஷ்மி மூச்சு விட மறந்து பார்த்தாள். ருக்குவும் மற்றப் பெண்களும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

மைதானத்தில் ஆண் ஒருவன்கூடப் பார்க்கவில்லை. மற்ற ஆபீஸர்கள் தலையைக் குனிந்து எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கமிட்டி மட்டைக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தது.

“பந்து எங்கே?” என்றார் ராமசேஷன்.

ஆபீஸர்கள் புல்லில் தவழ்ந்து தேடினார்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை. “பாத்தியோ?” என்று ருக்கு மட்டும் கிசுகிசுத்தாள். விஜயலக்ஷ்மி தலையசைத்தாள். மேலே பேசினால் இருவருக்கும் அழுகையோ சிரிப்போ வந்துவிடும் போலிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. ராமசேஷனின் குரலில் கோபமில்லை, துக்கம்தான் இருந்தது.

“அடித்ததைக்கூட மன்னிக்கலாம். கை தவறுவது மனித இயல்பு. ஆனால் அடித்த பிறகு மிஸ்டர் பஞ்சாபகேசனின் முகத்தில் ஒருவித சந்தோஷம் காணப்பட்டதாக இரண்டு உறுப்பினர்கள் தெரிவிக்கிறார்கள். மீதிப் பாதி எழுதி வந்துசேரும்போது, அதை அடக்கத்தோடு பெற்றுக்கொள்ளும் தகுதி அப்படிப்பட்டவருக்கு இருக்குமா? இருந்தாலும் கம்பெனிக்குத் தாயுள்ளம். நாளைக் காலைக்குள் அவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால், மட்டையைப் பிடிப்பது எப்படி என்ற முதல் பாடத்திலிருந்து இன்னொரு வருஷம் தற்காலிகமாகத் தொடர அனுமதிக்கலாம். இனி கையை விடமாட்டேன் என்று அவர் மனைவியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.”

பஞ்சு இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னான்.

பஸ் சயானைத் தாண்டியது. “ஏன் விட்டே?” என்று கேட்டான் பஞ்சு.

“வலிச்சுது.”

“எனக்கும்தான் வலிச்சுது. ஒரு வருஷமா வலிக்கறது. நான் ஏதாவது சொன்னேனா?”

அவள் அவனைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பான், கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். கூரையைத் தாண்டியதை, வேலியைத் தாண்டியதை, விழ வேண்டிய இடத்தில் எழும்பியதை. அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே அழகான காரியம் அது. அதைச் செய்தவனுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவளைத் தவிர வேறு வழியும் கிடையாது. மாடுங்கா வந்தது. அவன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். “எழுதிக்கோ,” என்றான். அவன் எது எழுதினாலும் அவள்தான் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிறகு அடித்துக் கொடுப்பது. அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தான். மதிப்புக்குரிய ஐயா. இன்று காலை நடந்த வருந்தத்தக்க சம்பவம். என் மட்டை என் சம்மதமில்லாமல் கீழே இறங்கியது. பந்து தவறுதலாகக் கொஞ்ச தூரம் சென்றுவிட்டது.

“கொஞ்ச தூரம் இல்லை,” என்றாள்.

“கொஞ்ச தூரம்னே போடு.”

“நான் பாத்தேன். எங்கே போச்சுன்னு—”

“விஜயம், கொஞ்ச தூரம்னே போடு. ஜாஸ்தின்னா திமிர்னு ஆயிடும்.”

அவன் மேலே சொல்லிக்கொண்டு போனான். கம்பெனியின் பெருந்தன்மை. முதல் பாடத்திலிருந்து தொடங்கக் கிடைத்த பாக்கியம். என் மனைவியும் தன் தவறை உணர்ந்து இன்னொரு வருஷம் முழுமையாக ஒத்துழைப்பாள். அவன் குரல் தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. இத்தனை நாள் எதற்கோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வேளை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

விஜயலக்ஷ்மி காகிதம் எடுக்கவில்லை. பென்சிலும் எடுக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தலை நிமிரவில்லை. கமிட்டி எதிர்பார்த்ததற்கு மேலேயே பாடம் ஏறிவிட்டிருந்தது. பிடித்துக்கொள்ளக் கை கூட இப்போது தேவைப்படவில்லை.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று முடித்தான். பெருமூச்சு விட்டான்.

“எங்கே, ஒரு தடவை வாசி.”

“நாளைக்குக் காலம்பர எட்டு இருபது வண்டியில நான் ஃபோர்ட்டுக்குப் போறேன்,” என்று வெறும் மடியைப் பார்த்து நிதானமாக வாசித்தாள் விஜயலக்ஷ்மி. “பத்து மணிக்குள்ள அங்கே இருக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து உங்க தலையை நீங்களே பாத்துக்கோங்கோ.”

பஞ்சு தரையைப் பார்த்தபடியே, கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தான்.

“அதுல ‘பணிவோட’ன்னு ஒரு வார்த்தை சொன்னேனே,” என்றான். “அதை விட்டுட்டியே.”